கறுப்புச் செருப்பை விட்டுவிட்டுப் போன நாள்

ஜெபா,

நேற்று டாக்டர் என் இடது காலின் கட்டைப் பிரித்தார், மறுபடி கட்டவில்லை. குனிந்து பார்த்தார், விரலால் ஓரத்தில் அழுத்தினார், "போதும்மா, காத்தாட விடுங்க" என்றார். ஏழு வாரமாக நான் ஜெபித்துக்கொண்டிருந்த பதில் இத்தனை சின்னதாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. வெளியே வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். மனிதர் எழுந்து போய் இரண்டு டீ வாங்கிவந்தார், ஒன்று சர்க்கரை இல்லாமல். உனக்குப் போன் போட்டேன். நீ மீட்டிங்கில் இருந்தாய், சாயந்தரம் நீயே கூப்பிட்டுப் பேசவும் செய்தாய். ஆனால் போனில் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் ஷூ கம்பெனியில் மெஷின் சத்தத்துக்கு நடுவில் கத்திக் கத்திப் பழகியவள் நான். போனை எடுத்தால் கத்துவேன், நீ காதிலிருந்து தள்ளி வைப்பாய், பாதி உனக்குக் கேட்காது. அதனால்தான் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. கால் ஆறிவிட்டது, மனசில் இருப்பதையும் இறக்கி வைத்துவிட்டால் நிம்மதியாகப் பந்தியைக் கவனிப்பேன்.

முதலில் ஒரு பழைய பொய்யிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ எட்டாவது படிக்கும்போது உங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து சென்னைப் பக்கம் இருக்கிற அந்தப் பெரிய பார்க்குக்கு டூர் கூட்டிப்போனார்கள். நீ காகிதத்தைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டாய். தண்ணீரில் சறுக்குவதையும் தலைகீழாகச் சுற்றுவதையும் நினைத்தாலே எனக்குப் பயம். ஒரே பிள்ளை, அனுப்ப மனசு வரவில்லை. அதை நேராகச் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன்? "அந்த பார்க்கை மூடிட்டாங்களாம்டா. ரிப்பேராம். உங்க சாருக்குத் தெரியல." நீ நம்பினாய். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டுத் திங்கட்கிழமை கதை கதையாகச் சொன்னபோதும் நீ வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அது இன்றைக்கும் உறுத்துகிறது. ஏன் பொய் சொன்னாய் என்று நீ சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பதினைந்து வருஷம் கழித்து, எஸ்தரை உனக்கு நிச்சயம் செய்த அடுத்த வாரம், சிரித்துக்கொண்டே கேட்டாய். "மூடின பார்க்கைத் தொறந்துட்டாங்களாம்மா. எஸ்தரையும் அவங்க அம்மாவையும் கூட்டிக்கினு போலாமா?" எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதனால்தான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா வரவில்லை. ஜோலார்பேட்டையில் தண்டவாளம் தண்டவாளமாக நடந்து சோதித்தே காலம் தள்ளிய மனிதர், எங்கே கூப்பிட்டாலும் "நான் பாக்காத வண்டியா" என்பார்.

இரண்டாவது பொய் இதைவிடப் பெரியது. அதில் உன்னையும் கூட்டுச் சேர்த்தேன். என் இடது காலின் சுண்டுவிரல் எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும். சர்க்கரை வியாதி காலின் உணர்ச்சியைத் தின்றுவிட்டிருந்தது. ஷிப்மென்ட் நேரம், கம்பெனியில் தினமும் ஓவர்டைம். விரலோரம் ஒரு சின்னப் புண் இருந்ததைப் பார்த்தும், வலி இல்லாததால் துணியைச் சுற்றிக்கொண்டு ஒன்பது நாள் வேலைக்குப் போனேன். உனக்குக் காலேஜில் கடைசிப் பரீட்சை. உன்னிடமும் சொல்லவில்லை, உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. பத்தாம் நாள் காலில் நாற்றம் வந்தது. விரலை எடுத்துவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் "பைக்காரன் இடிச்சுட்டான்" என்றேன். நீயும் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாய். யார் அந்த பைக்காரன் என்று ஒரு கிழவர் விடாமல் கேட்டபோது வண்டியின் நிறம்கூடச் சொன்னாயே, நினைவிருக்கிறதா? அன்றைக்குச் சிரித்தேன். ஒரு தாய் சிரித்திருக்கக் கூடாது.

விரல் போன பிறகு ஆஸ்பத்திரியில் அந்தக் கறுப்புச் செருப்பைக் கொடுத்தார்கள். உள்ளே மெத்தென்ற ரப்பர், மேலே இரண்டு அகலப் பட்டை, குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார். காலுக்கு எத்தனை இதமாக இருந்தாலும் நம் பக்கத்தில் அந்தச் செருப்புக்கு ஒரு பெயர் இருக்கிறது. வேலூரைச் சுற்றி இருக்கிற ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அதைப் பெரியவியாதி, அதுதான் குஷ்டம், வந்தவர்கள் காலில் பார்த்துப் பழகியவர்கள். வேறு ஊரில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இங்கே பஸ்ஸில் ஏறினால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்ப்பார்கள், பிறகு கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள். எனக்கே நடந்திருக்கிறது. வெளிநாட்டுப் பெண்கள் போடுகிற ஷூவைப் பார்த்துப் பார்த்து அனுப்பிய எனக்கு இந்தச் செருப்பா என்று ரோஷம் வேறு. வீட்டுக்குள் போட்டுக்கொள்வேன், தெருவுக்குப் போனால் கழற்றிவிடுவேன். எஸ்தர் வீட்டார் நிச்சயம் பேச வந்த அன்றைக்கு அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, சேலையைக் காலுக்கு மேல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் போன பிறகு நீ கேட்டாய், "எஸ்தர்கிட்டயாவது சொல்லட்டுமாம்மா?" நான் பைபிள் மேல் உன் கையை வைத்துச் சத்தியம் வாங்கினேன். கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவள், அந்தச் சோற்றை உன் இலையிலும் போட்டேன்.

பார்க்குக்குப் போகிற அன்றைக்கு அலமாரிக்கு மேலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கினேன். நீ பார்த்திருப்பாய். கம்பெனியில் நான் கடைசியாக இருந்த வருஷம் ரிஜெக்ட் ஆன ஜோடி அது. தையலில் குறை இல்லை, அடி சோலில் குறை இல்லை. இடது ஷூவின் தோல் வலதைவிட ஒரு சாயல் வெளிறியிருந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். நான்தான் அதைப் பிடித்து ஒதுக்கினேன், பிறகு நானே ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டேன். மூடின ஷூ, விரல் இல்லாதது தெரியாது. ஒரு முறைகூடப் போட்டதில்லை. இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீ சிரிக்கலாம், எனக்கு இப்போது கோபம் வராது. செக்கிங் செக்‌ஷனில் என் வேலையே ஷூவுக்குள் கையை விட்டுப் பார்ப்பதுதானே? ஆணி முனை நீட்டிக்கொண்டிருக்கிறதா, நூல் முடிச்சு இருக்கிறதா, லைனிங் சுருங்கியிருக்கிறதா என்று விரல் நுனியால் துழாவ வேண்டும். கண் ஏமாறும், கை ஏமாறாது என்று புதுப் பெண்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன். ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார்கள், "உங்க காலுக்குத் தெரியாதும்மா, போடறதுக்கு முன்னாடி கையை விட்டுப் பாருங்க" என்று. எனக்கேவா சொல்கிறார்கள் என்று மனசுக்குள் சிரித்தேன். அன்றைக்குக் காலையில் உன் கார் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஷூவுக்குள்ளிருந்த காகிதத்தை உருவிப்போட்டுவிட்டுக் காலை விட்டேன். கையை விடவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

சத்துவாச்சாரியில் எஸ்தரும் அவள் அம்மா கமலா டீச்சரும் ஏறிக்கொண்டார்கள். டீச்சரை அதற்கு முன் இரண்டு முறைதான் பார்த்திருந்தேன், இரண்டு முறையும் மரியாதையாகப் பேசி மரியாதையாகப் பயந்துகொண்டிருந்தேன். கணவரை இழந்து, ஒரே பெண்ணைத் தனியாக வளர்த்து, ரிட்டயர் ஆன பிறகும் குரல் மட்டும் ரிட்டயர் ஆகாத மனுஷி. பார்க் வாசலில் இறங்கியதும் நீ எங்கேயோ ஓடினாய், திரும்பி வரும்போது ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாய். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"இன்னாடா இது?"

"உக்காரும்மா. உள்ள நடை ஜாஸ்தி. வாடகைக்குத் தர்றாங்க."

"எனக்கு இன்னா கேடு? கையும் காலும் நல்லாத்தானே கீது? கொண்டுபோய் விடு."

நீ என் முகத்தைப் பார்த்தாய், பிறகு என் ஷூவைப் பார்த்தாய். சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டாய். அதற்குள் டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தே விட்டார். "யாருக்கும் வேணான்னா எனக்குக் குடுப்பா. என் முட்டி தேஞ்சு மூணு வருஷம் ஆவுது. இவ்ளோ பெரிய இடத்தை நடந்து பாக்க நான் இன்னா சின்னப் பொண்ணா?" என்றார். எஸ்தர் தள்ள, அவர் பட்டத்து ராணி போல முன்னால் போக, நான் பின்னால் நடந்தேன். உண்மையைச் சொல்லட்டுமா? எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒவ்வொரு ராட்டினத்துக்கு முன்னாலும் ஒரு போர்டு இருந்தது, இதய நோய், ரத்த அழுத்தம், முதுகுவலி உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று. டீச்சர் அதைப் பாடம் நடத்துகிற மாதிரி உரக்கப் படிப்பார். "எனக்கு பிரஷர் கீது, எலும்பு தேய்மானம் கீது, நான் பாஸ் இல்ல. நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்பார். "சம்பந்தி, உங்களுக்கு?" என்று கேட்டால் நான் சொல்வேன், "எனக்கு ஒண்ணுமில்லீங்க. தலை சுத்தும், அவ்ளோதான்." ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்று அன்றைக்கு எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வெயிலில், சிமெண்ட் தரையில், மேடும் படியுமாக மூன்று மணி நேரத்துக்கு மேல் நடந்தேன். கால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வலி என்பது கர்த்தர் கொடுத்த காவல்காரன் என்று அப்போது புரியவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அலை அடிக்கிற குளத்துக்குப் போனோம். ஷூ போட்டுக்கொண்டு உள்ளே வரக்கூடாது என்று வாசலில் ஒரு பெண் தடுத்தாள். நான் வெளியிலேயே பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். நீ டீச்சரைச் சரிவு வழியாகத் தண்ணீர் ஓரம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாய். "நானும் அத்தைகூட இருக்கேன்" என்று எஸ்தர் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே டீச்சர் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் குனிந்து என் ஷூவைப் பார்த்தேன். இடது ஷூவில், கட்டைவிரலுக்குக் கீழே, தோலும் சோலும் சேருகிற இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்குக் கறுத்திருந்தது. வரும் வழியில் தண்ணீர் தெறித்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். ஆனால் நான் தோலைப் பார்த்துப் பழகியவள். வெளியிலிருந்து நனைந்தால் மேலே படர்ந்து ஓரம் மங்கலாகும். தையல் ஓட்டைகளில் புள்ளி புள்ளியாகக் கிளம்பி மேலே ஏறினால் அது உள்ளிருந்து வருகிற ஈரம். இது உள்ளிருந்து வந்திருந்தது.

அந்த நேரத்தில் என் மனசு போன போக்கைச் சொல்கிறேன், மறைக்க மாட்டேன். முதலில் அது காலை நினைக்கவில்லை. கல்யாணத்தைத்தான் நினைத்தது. இன்னும் நாலைந்து மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம், அதுவரை காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டால் போதும் என்று கணக்குப் போட்டது. எஸ்தர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா அத்தை, கால் வலிக்குதா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் அந்த ஒன்பது நாள் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு நாளும் சாயந்தரம் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்லிக்கொண்டேன். விரலை எடுத்த டாக்டர் போகும்போது சொன்னதும் ஞாபகம் வந்தது, "அடுத்த தடவை விரலோட நிக்காதும்மா." உன் கல்யாணத்துக்கு ஒற்றைக் காலோடு வந்து உட்காருவதை நினைத்துப் பார்த்தேன். "எஸ்தர், என் இடது ஷூவைக் கழட்டு கண்ணு. பயப்படாத" என்றேன்.

அவள் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து கழற்றினாள். சாக்ஸின் அடிப்பக்கம் சிவப்பாகத் தோலோடு ஒட்டியிருந்தது. அதை மெல்ல உரித்ததும் ஐந்து விரல் இருக்க வேண்டிய இடத்தில் நாலு விரல் இருப்பதைப் பார்த்தாள். பிறகு, நான் சொல்லாமலே, ஷூவுக்குள் கையை விட்டாள். ஒரு சின்னப் பொட்டலத்தை வெளியே எடுத்தாள். ஈரம் இழுப்பதற்காகப் புது ஷூவுக்குள் போடுகிற குருணைப் பொட்டலம். செக்கிங் முடிந்து பேக்கிங்குக்குப் போகும்போது ஜோடிக்கு ஒன்றாக அதை உள்ளே போடுவோம். இந்த ரிஜெக்ட் ஜோடியை வாங்கிப் பெட்டியில் வைத்தபோது பழக்கத்தில் நானே என் கையால் போட்டிருப்பேன். "அத்தை, இது உள்ள இருந்துச்சு" என்றாள் அந்தப் பெண், ஏதோ தன் மேல் தப்பு என்கிற மாதிரி. அதன் மேல்தான் அன்றைக்கு முழுக்க நான் நடந்திருக்கிறேன். நல்ல கால் என்றால் வாசல் தாண்டுவதற்குள் உதறியிருக்கும்.

அவள் கூப்பிட்ட சத்தத்துக்கு நீ சொட்டச் சொட்ட ஓடிவந்தாய். "ஏம்மா? ஏம்மா இப்டி பண்ற?" என்று கத்தினாய். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதாய். "நான் சொல்லியிருக்கணும். காலைலயே சொல்லியிருக்கணும்" என்றாய். எஸ்தர் நிமிர்ந்தாள். "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். நீ தலையாட்டினாய். ஜெபா, என் காலில் ரத்தத்தைப் பார்த்தபோதுகூட எனக்கு அத்தனை பயம் வரவில்லை. அந்தப் பெண் உன்னைப் பார்த்த பார்வையைப் பார்த்தபோதுதான் பயந்தேன். என் வெட்கத்தை மறைக்கப்போய் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் முள்ளைப் போட்டுவிட்டேனே என்று தோன்றியது. "அவன் மேல தப்பில்லம்மா, பைபிள் மேல சத்தியம் வாங்கினது நான்தான். சுகர் இருக்குது, விரலை எடுத்துட்டாங்க, காலுக்கு உணர்ச்சி கெடையாது. எல்லாத்தையும் நான்தான் மறைச்சேன்" என்று மூச்சு விடாமல் கொட்டிவிட்டேன்.

டீச்சர் அதற்குள் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு சரிவேறி வந்துவிட்டார். என் காலைப் பார்த்தார். தேய்ந்த முட்டியோடு தம் பிடித்து எழுந்து நின்றார். "நான் எழுந்துட்டேன். நீங்க உக்காருங்க சம்பந்தி" என்றார். நான் உட்கார்ந்தேன். முதலுதவி அறையில் ஒரு நர்ஸ் புண்ணைக் கழுவிக் கட்டினாள். இந்தக் காலை இனிமேல் ஊன்றக் கூடாது, நாளைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, போட்டுக்கொள்ள வேறு செருப்பு இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். நீ காருக்குப் போய் ஒரு பையைக் கொண்டுவந்தாய். உள்ளே என் கறுப்புச் செருப்பு இருந்தது. கட்டிலுக்கடியிலிருந்து எனக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருக்கிறாய். டீச்சர் அதைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் மாறியதை நான் பார்த்தேன். அவரும் வேலூர்க்காரர்தானே. சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"சம்பந்தி, அந்த வியாதியா?"

"இல்லீங்க. சுகருக்குக் குடுத்தது."

"அதுவா இருந்தாலும்தான் இன்னா இப்போ? அதுக்கும் மாத்திரை கீது, கொணமாவுது. எங்க ஸ்கூல்ல எத்தனை பிள்ளைங்களுக்கு நானே சொல்லிக்குடுத்திருக்கேன். நீங்க போய் இதுக்கா ரத்தம் சிந்துவீங்க?" என்றார். பிறகு குனிந்து அந்தச் செருப்பை எடுத்து, உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, என் வலது காலில் அவரே மாட்டினார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை. ரொம்ப நாளாகத் தூக்கிச் சுமந்ததை யாரோ பிடுங்கிக் கீழே வைத்த மாதிரி இருந்தது.

நீ உடனே கிளம்பலாம் என்றாய். நான் மாட்டேன் என்றேன். இத்தனை தூரம் வந்து பொய்யைத் தவிர வேறு ஒன்றையும் நான் அனுபவிக்கவில்லை, ஒரு சுற்றாவது சுற்றிக் காட்டு என்றேன். நர்ஸைக் கேட்டோம். காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே போவதென்றால் போகலாம் என்றாள். டீச்சருக்கு வாசலிலிருந்து இன்னொரு நாற்காலி வந்தது. நீ என்னைத் தள்ள, எஸ்தர் அவள் அம்மாவைத் தள்ள, இரண்டு சம்பந்திகளும் பக்கத்தில் பக்கத்தில் போனோம். எஸ்தர் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பார்க்கைச் சுற்றி வருகிற குட்டி ரயிலுக்கு வந்தோம். நாற்காலியோடு ஏற்றுவதற்குப் பலகை போட்ட பெட்டி அதில் இருந்தது. ஏற்றுகிற பையன் வழக்கம்போலக் கேட்டான், "எதாச்சும் பிரச்சினை இருக்காம்மா? ஹார்ட்டு, பிரஷர்?" நான் சொன்னேன், "சுகர் இருக்குது, பிரஷர் இருக்குது, ஒரு விரல் இல்ல, ரெண்டு காலுக்கும் உணர்ச்சி இல்ல, இன்னைக்குப் புதுசா ஒரு புண்ணு." அவன் திகைத்துப் போய், "ட்ரெயின்தானேம்மா, மெதுவாத்தான் போவும்" என்றான். முதலில் எஸ்தர்தான் சிரித்தாள். பிறகு டீச்சர், பிறகு நீ. ரயில் கிளம்பும்போது எஸ்தர் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது என் காதிலும் விழுந்தது. "இனிமே எனக்குத் தெரியாம ஒண்ணும் இருக்கக் கூடாது. சத்தியம் எல்லாம் வேணாம். சும்மா சொல்லு, போதும்." சவுக்கு மரங்களுக்கு நடுவில் அந்த ரயில் ஆமை வேகத்தில் போனது. உன் அப்பா இருந்தால் தண்டவாளத்தைக் குறை சொல்லியிருப்பார். எனக்கு அதைவிட நல்ல பயணம் வாய்த்ததில்லை.

அடுத்த நாள் டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். புண் தோலோடு நிற்கிறது, எலும்புக்குப் போகவில்லை, இன்னும் ஒரு நாள் கழித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். அன்றிலிருந்து உன் அப்பா தினமும் காலையில் என் இரண்டு காலையும் மடியில் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலிடுக்கு விடாமல் பார்க்கிறார். தண்டவாளம் பார்த்த கண் இல்லையா, ஒரு கீறல் தப்பாது. முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் என் காலைத் தொட்டது இப்போதுதான். முதல் வாரம் வெட்கமாக இருந்தது, இப்போது அவர் ஒரு நாள் மறந்தால் நான் காலை நீட்டிக் கூப்பிடுகிறேன். சர்க்கரை நம் குடும்பத்தில் வழிவழியாக வருவது. உனக்கும் வரலாம். வருஷத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள், என்ன வந்தாலும் எஸ்தரிடம் அன்றைக்கே சொல். நம் வீட்டில் இருக்கிற கெட்ட வார்த்தை ஒன்றே ஒன்றுதான், அது "ஒண்ணுமில்ல". நான் அதைச் சொல்லி ஒரு விரலைக் கொடுத்தேன். நீ அதைச் சொல்லாதே.

இன்னொரு சேதி. போன வாரம் ஆஸ்பத்திரியில் செருப்புத் தைக்கிற அறைக்குப் போனேன். அங்கே வேலை செய்கிறவர் தைத்து வைத்திருந்த ஒரு ஜோடியைக் கையில் எடுத்துப் பார்த்து, ஓரத் தையல் ஒரு நூல் விலகியிருக்கிறது என்று காட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எந்தக் கம்பெனிம்மா நீங்க?" என்றார். பேசிக்கொண்டே இருந்ததில் சிநேகமாகிவிட்டார். "பட்டைக்கு எந்தத் தோல் வேணுமோ கொண்டுவாங்க, நான் போட்டுத்தர்றேன்" என்றார். கல்யாணச் சேலைக்குச் சேர்ந்த மாதிரி அரக்கு நிறத்தில், மெல்லிய ஆட்டுத் தோலாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். உள்ளே அதே ரப்பர், பின்னால் அதே வார். உன் கல்யாணத்தன்று சர்ச்சில் முதல் வரிசைக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் நடந்து வருவேன். பார்க்கிறவர்கள் நன்றாகப் பார்க்கட்டும். கேட்டால் சொல்கிறேன். பைக்காரன் பாவம், அவனையும் விட்டுவிடலாம்.

உன் கல்யாண ஷூப் பெட்டி என் பக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டு ஷூவுக்குள்ளும் கையை விட்டுப் பார்த்துவிட்டேன். தையல் சுத்தம், சாயல் ஒன்றுபோல இருக்கிறது, பொட்டலத்தை எடுத்துப் போட்டுவிட்டேன். இந்தத் தாள்களை மடித்து இடது ஷூவின் நுனியில் திணித்து வைக்கப்போகிறேன். உன் காலுக்கு உணர்ச்சி நன்றாக இருக்கிறது, காலை விட்டாலே தட்டுப்படும். ஆனாலும் நீ கையை விட்டுத்தான் இதை எடுத்திருப்பாய் என்று நம்புகிறேன். படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. எஸ்தரிடம் கொடு. அவளுக்குத் தெரியாமல் ஒன்றும் இருக்கக் கூடாது.

அம்மா